சைக்கிளுக்கு மோட்டார் கிட் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்: 23,500 ரூபாய் போய்விட்டது

சாதாரண சைக்கிளை மின்சார சைக்கிளாக மாற்றித் தருகிறோம் என்று இணையத்தில் விளம்பரம் செய்யும் ஒரு கிட் கடையிடம் 23,500 ரூபாய் கட்டினோம். இன்று எங்களிடம் இருப்பது பின் பிரேக் இல்லாத ஒரு சைக்கிளும், பாதி காலியான ஒரு பேட்டரிப் பெட்டியும்தான். இன்று காலை அந்தக் கடைக்காரர் என் எண்ணையும் முடக்கிவிட்டார். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

சைக்கிள் என் அப்பாவுடையது. 28 அங்குலச் சக்கரமும் கம்பியால் இழுக்கும் பிரேக்கும் கொண்ட பழைய கறுப்பு சைக்கிள். கோவை ஒண்டிப்புதூரிலிருந்து ராமநாதபுரத்தில் உள்ள அச்சகத்துக்குத் திருச்சி சாலை வழியாக அதில்தான் போய்வருகிறார். ஸ்கூட்டர் ஓட்ட அவருக்குப் பிடிக்காது. முழங்கால் வலி அதிகமானதும், சைக்கிளையே மாற்றிவிடலாம் என்று நான்தான் தேடினேன். பின்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் இருக்கும். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், பேட்டரி, முறுக்கினால் ஓடும் கைப்பிடி எல்லாம் கூடவே வரும். நல்ல கிட் கிடைத்தால் உண்மையிலேயே உபயோகமான பொருள். அதை இப்போதும் மறுக்கவில்லை.

அந்தக் கடைக்காரர் பேசிய விதத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பணம் போனது அங்கேதான். விலையைப் பற்றி அவர் முதலில் பேசவே இல்லை. அப்பாவின் எடை என்ன, வழியில் மேம்பாலம் உண்டா, கேரியரில் சுமை ஏற்றுவாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சைக்கிளைப் பக்கவாட்டில் நிறுத்திப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். பின்சக்கரத்தை அருகில் எடுத்த படமும் வேண்டும் என்றார். அனுப்பினேன். மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் பதிவும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம் என்று விளக்கினார். அது சரியான தகவல்தான், நான் சரிபார்த்துக்கொண்டேன். சட்டத்தைச் சரியாகச் சொல்கிறவர் பொருளையும் சரியாகத்தான் சொல்வார் என்று யாருக்கும் தோன்றும்.

"அண்ணா, படத்தைப் பார்த்துவிட்டேன். உங்கள் அப்பா வண்டிக்கு 28 ரிம் கிட் கச்சிதமாக உட்காரும். என் அப்பாவுக்கும் இதைத்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஒரு சார்ஜில் நாற்பது கிலோமீட்டர், நான் பொறுப்பு" என்றார். முழுத்தொகையையும் உடனே கட்டினால் பொருத்தும் கூலி தங்களுடையது என்றும் சொன்னார். 23,500 ரூபாயை அன்று மாலையே அனுப்பினேன். தன் அப்பாவைச் சாட்சிக்கு இழுத்து ஒரு வயதானவரின் காசை வாங்கியதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கிட் வந்தது. அவர்கள் அனுப்பிய ஆளும் வந்தார். நான் வேலைக்குப் போயிருந்தேன். அப்பாதான் வீட்டில் இருந்தார். சக்கரம் பொருந்தவில்லை.

28 என்று சொல்லப்படும் சக்கரத்தில் பல அளவுகள் உண்டு. நம் ஊர்ப் பழைய சைக்கிளின் டயரில் 28 x 1½ என்றும், பக்கத்தில் 635 என்றும் இருக்கும். அந்த 635 என்பது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். புதிய வகை சைக்கிள்களுக்கு வரும் 28 ரிம்மில் அது 622. பதின்மூன்று மில்லிமீட்டர் குறைவு. பழைய டயர் இந்த ரிம்மில் நிற்காது. அதைவிட முக்கியமானது பிரேக். பழைய சைக்கிளில் பிரேக் கட்டைகள் ரிம்மின் உட்பக்கத்தை, அதாவது ஸ்போக்ஸ் கம்பிகள் இருக்கும் பக்கத்தை அழுத்தும். அதற்கென்றே வளைத்துச் செய்த ரிம் அது. கிட்டில் வந்த ரிம்மில் அந்தப் பக்கமே இல்லை. இதெல்லாம் என் படத்தைப் பார்த்த உடனேயே அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும். இதே தொழில் செய்கிறவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

வந்த ஆள் கடைக்கு போன் செய்திருக்கிறார். "28 தானே அனுப்பியிருக்கிறோம், போட்டுவிட்டு வா" என்று பதில் வந்ததாம். மோட்டார் அச்சுக்குப் பின்பக்கச் சட்டத்தில் 135 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஒற்றைப் பல்சக்கரம் கொண்ட பழைய சைக்கிளில் அவ்வளவு இருக்காது. காலை வைத்து மிதித்துச் சட்டத்தை விரித்திருக்கிறார். பெயின்ட் உதிர்ந்து, சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அதன் பிறகு பின் பிரேக்கை முழுவதுமாகக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, "ஐயா, இனிமேல் மோட்டாரிலேயே பிரேக் இருக்கிறது" என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

பச்சைப் பொய். கிட்டோடு வரும் பிரேக் லீவரில் இருக்கும் வயர் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தும், அவ்வளவுதான். சக்கரத்தை நிறுத்தாது. அப்பா திரும்பத் திரும்பக் கேட்டும் அந்த ஆள் அதையே சொல்லியிருக்கிறார். மறுநாள் சிங்காநல்லூர் சிக்னலில் முன்னால் நின்ற டவுன் பஸ்ஸில் மோதாமல் இருக்க அப்பா செருப்புக் காலைத் தரையில் ஊன்றித் தேய்த்து நிறுத்தினார். குதிகால் தோல் உரிந்துவிட்டது. அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம்.

அன்று திரும்பி வரும்போது பாதி வழியிலேயே பேட்டரியும் அணைந்துவிட்டது. நாற்பது கிலோமீட்டர் என்றாரே, பத்தைக்கூடத் தாண்டவில்லை. மோட்டாரின் எடையையும் சேர்த்து மிதித்துக்கொண்டு, வலிக்கிற முழங்காலோடு வீடு வந்தார்.

பேட்டரியின் மேல் 36 வோல்ட், 10.4 ஆம்பியர்-ஹவர் (Ah, பேட்டரியின் கொள்ளளவு) என்று ஒட்டியிருக்கிறது. பழைய லேப்டாப் பேட்டரிகளில் இருந்த அதே வகை லித்தியம் செல்களை வைத்து அந்த அளவை எட்ட, 2,600 மில்லி ஆம்பியர்-ஹவர் செல் நாற்பது வேண்டும். ஒரு செல் சுமார் 45 கிராம். செல்கள் மட்டுமே 1.8 கிலோ வர வேண்டும். எங்கள் பேட்டரியை மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். பெட்டி, வயர், பூட்டு எல்லாம் சேர்த்தே ஒன்றேகால் கிலோதான்.

இதைச் சொல்லி அந்தக் கடைக்கு அழைத்தேன். முதலில் "சார்ஜரை இரவு முழுவதும் போடுங்கள்" என்றார்கள். பிறகு "அப்பாவுக்கு ஓட்டத் தெரியவில்லை, கைப்பிடியை முழுதாக முறுக்கக் கூடாது" என்றார்கள். பிறகு ஒரு பெண் பேசினார். தொழில்நுட்பப் பிரிவு அழைக்கும் என்றார். அப்படி ஒரு பிரிவிலிருந்து யாரும் அழைக்கவில்லை. விற்கும்வரை அண்ணா என்று கூப்பிட்டவர் போனையே எடுக்கவில்லை. கடைசியில் வேறொருவர், "பேட்டரியின் மேல் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம்" என்று எழுதினார். அவர் சொன்னபடியே திறந்தேன். உள்ளே இருபது செல்கள். சிலவற்றின் உறை நீலம், சில பச்சை, சிலவற்றில் பழைய பற்றவைப்பின் தழும்புகள். மீதி இடத்தில் பஞ்சுத் துண்டுகளை அடைத்திருந்தார்கள்.

படம் போன சிறிது நேரத்தில் பதில் வந்தது: "சீல் உடைக்கப்பட்டுள்ளதால் வாரண்டி செல்லாது."

அவர்களே திறக்கச் சொன்ன செய்தியைத் திரும்ப அவர்களுக்கே அனுப்பினேன். அதை வாசித்தார்கள் என்பதற்கு இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. பதில் இல்லை. பில்லில் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, கேட்டால் "கணக்குப் பிரிவு அனுப்பும்" என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ரிம்மில் கீறல் இருப்பதால் எடுத்துக்கொள்ள முடியாதாம். அவர்கள் ஆள் போட்ட கீறல் அது! 23,500 ரூபாய், அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளம். பிறகு எண்ணை முடக்கினார்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறேன்; 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. செய்திகள், பணம் அனுப்பிய விவரம், தராசில் வைத்த படம் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். நீங்களும் அழைப்பில் பேசுவதோடு விடாமல் எழுத்தில் வாங்குங்கள்.

எல்லாவற்றையும் விரிவாக எழுதும் மனநிலை இப்போது இல்லை. அவசரத்துக்கு இவை போதும். உங்கள் டயரில் 635 என்று இருந்தால், 635 ரிம்மில் கட்டிய மோட்டார்தானா, கம்பி பிரேக் வேலை செய்யுமா என்று எழுத்தில் பதில் வாங்காமல் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். பேட்டரி வந்ததும் எடை போடுங்கள். மோட்டார் அச்சு சுழன்று வெளியே வராமல் பிடிக்கும் இரும்புத் துண்டு, டார்க் ஆர்ம் என்பார்கள், அது பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு அதையும் வைக்கவில்லை. பழைய செல்களைக் கலந்து கட்டிய பேட்டரி தீப்பிடிக்கக்கூடும், சந்தேகம் இருந்தால் வீட்டுக்குள் சார்ஜ் போட வேண்டாம்.

பொருத்த வருகிறவர் பிரேக்கில் கை வைத்தால், அந்த நிமிடமே வேலையை நிறுத்தச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.