ஏறிய லாரி வேறு, இறங்கிய லாரி வேறு

வேலை மாற்றலாகி நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் குடும்பத்தோடு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வீட்டுச் சாமான்களைக் கட்டி அனுப்ப ஒரு நிறுவனத்தை அமர்த்தியிருந்தேன். ஐந்து நாளில் வர வேண்டியவை 16 நாள் கழித்து வந்தன. பேசிய தொகையைக் கொடுத்து, அதில் பாதியை மேற்கொண்டும் கொடுத்த பிறகுதான் லாரியின் கதவு திறந்தது. நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது என்பது ஒரு காரணம். இந்தத் தொழிலில் சிலருக்குப் பெயர் மாற்றுவது சட்டை மாற்றுவது போல என்பது இன்னொரு காரணம். நான் சொல்லும் பெயரில் அவர்கள் உங்களிடம் வரமாட்டார்கள்.

மூன்று இடங்களில் விலை கேட்டேன். இரண்டு நிறுவனங்கள் ஆள் அனுப்பின. அவர்கள் பரணில் என்ன இருக்கிறது என்று ஏணி வைத்துப் பார்த்தார்கள், பீரோவைத் திறக்கச் சொன்னார்கள், மாடிப்படியின் அகலத்தைக்கூட அளந்தார்கள். எனக்குச் சற்று எரிச்சலாகவே இருந்தது. மூன்றாவது மனிதர் தொலைபேசியிலேயே வேலையை முடித்தார். கட்டில் எத்தனை, பீரோ எத்தனை, குளிர்பதனப் பெட்டி உண்டா என்று நாலு கேள்வி. மற்றவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகச் சொன்னார். வாக்கியத்துக்கு இரண்டு முறை 'சார்' போட்டார். அன்றே முன்பணம் அனுப்பினேன். பார்க்காத வீட்டுக்கு ஒருவர் எப்படி விலை சொல்ல முடியும் என்று அப்போது தோன்றவில்லை. அந்த விலை பின்னால் மாற்றப்படுவதற்காகவே சொல்லப்பட்ட விலை.

அவரிடம் லாரியே கிடையாது என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அவர் தரகர். முன்பணத்தை வாங்கிக்கொண்டு, வண்டியில் இடம் காலியாக இருக்கும் ஏதாவது ஒரு லாரிக்காரரிடம் வேலையைத் தள்ளிவிடுவார். கட்டுவதற்கு வந்தவர்கள் அன்றைய கூலிக்கு வந்தவர்கள். பணம் வாங்கியவர் ஒருவர், கட்டியவர் ஒருவர், கொண்டு வந்தவர் ஒருவர். ஏதாவது உடைந்தால் மூவரும் ஒருவரையொருவர் கைகாட்டலாம், காட்டினார்கள். தரகராக இருப்பதில் தவறில்லை. 'எங்கள் வண்டி, எங்கள் ஆட்கள்' என்று அவர் சொன்னதுதான் பொய்.

காலை எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன ஆட்கள் பிற்பகல் இரண்டரைக்கு வந்தார்கள். மாலைக்குள் வீட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டும், இரவு எங்களுக்கு ரயில். இந்தத் தாமதம் தற்செயலானது என்று இப்போது நான் நம்பவில்லை. நேரம் இல்லாதவன் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவான். வந்த நால்வரும் பாவம், முதுகொடிய உழைத்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை. குறை, இருட்டும் நேரத்தில் என் முன் நீட்டப்பட்ட காகிதத்தின் மேல்தான்.

அந்தக் காகிதம் இப்போது என் மேசையில் இருக்கிறது. 'பெட்டிகள் 41, இதர சாமான்கள்' என்று எழுதியிருக்கிறது. 'இதர' என்ற மூன்றெழுத்துக்குள் குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், அம்மாவின் தையல் இயந்திரம், இரண்டு கட்டில்கள் எல்லாம் அடங்கிவிட்டன. நிலை என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை 'பழையது, கீறல் உண்டு'. குளிர்பதனப் பெட்டி வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அளவு என்ற கட்டம் காலி. நின்றபடியே, லாரியின் பக்கவாட்டுப் பலகையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். காலியாக இருந்த அந்தக் கட்டத்தை அவர்கள் பிறகு நிரப்பிக்கொண்டார்கள்.

ஆறாம் நாள் தொலைபேசி வந்தது. அதே 'சார்', ஆனால் குரல் வேறு. "சார், நீங்கள் சொன்னதைவிடச் சாமான் அதிகம். 840 கன அடி வருகிறது. வித்தியாசத்தை அனுப்பிவிட்டால் வண்டி கிளம்பிவிடும்." எண்ணிக்கையில் பேசியதை எப்போது கன அடிக்கு மாற்றினீர்கள் என்று கேட்டேன். ரசீதில் நான் கையெழுத்திட்டிருப்பதாகச் சொன்னார். நான் குரலை உயர்த்தியதும் அவர் சொன்னது: "கோபப்படாதீர்கள் சார். பொருளெல்லாம் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது." பத்திரம் என்ற சொல்லைக் கேட்டு நான் பயந்தது வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். மறுநாளிலிருந்து கிடங்கு வாடகையும் சேரத் தொடங்கியது.

பேசிய சரக்குக் கூலி பாக்கி இருந்தால் பொருளைத் தராமல் நிறுத்தி வைக்கும் உரிமை பல நாடுகளில் போக்குவரத்துக்காரர்களுக்குச் சட்டப்படியே உண்டு. நேர்மையானவர்களுக்கு அது நியாயமான பாதுகாப்பு. இவர்கள் அந்த உரிமையின் நிழலில் நின்றுகொண்டு, பேசாத கூலிக்காகப் பொருளை நிறுத்துகிறார்கள். காவல் நிலையத்தில் இதைப் பணத் தகராறு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்தம் எழுத்தில் இல்லாதபோது அவர்களையும் முழுதாகக் குறை சொல்ல முடியவில்லை.

புது ஊர், காலி வீடு, பேசினால் எதிரொலிக்கும் சுவர்கள். இரண்டு போர்வையில் நான்கு பேர் தரையில் படுத்தோம். மகளின் பள்ளிச் சான்றிதழ்களும் அம்மாவின் மருந்துச் சீட்டும் 41 பெட்டிகளில் ஒன்றில் இருந்தன. அது என் முட்டாள்தனம். இதற்கு யார்மேலும் பழி போட முடியாது. சான்றிதழ், சீட்டு, நகை, கணினி எதுவும் லாரியில் ஏறக் கூடாது, கையோடுதான் வர வேண்டும். பள்ளியில் ஒரு வாரம் அவகாசம் கேட்டுக் கெஞ்சி, அதுவும் தீர்ந்தபோது பணத்தை அனுப்பினேன். சண்டை போடத் தெம்பு இருந்தது, காத்திருக்கத்தான் வழியில்லை.

வந்த லாரி நாங்கள் ஏற்றி அனுப்பிய லாரி இல்லை. புறப்பட்ட அன்று, வண்டிக்குக் கையசைத்துக்கொண்டே மகள் கைபேசியில் ஒரு படம் எடுத்திருந்தாள். அதில் வண்டி எண் தெளிவாக விழுந்திருக்கிறது. அவள் விளையாட்டாக எடுத்த அந்தப் படம்தான் இன்று புகாரில் எனக்கு இருக்கும் ஒரே உருப்படியான சாட்சி. ஓட்டுநரிடம் கேட்டேன். "கிடங்கில் ஏற்றிக்கொடுத்தார்கள் சார். உங்களிடம் எவ்வளவு வாங்கினார்கள் என்றே எனக்குத் தெரியாது" என்றார். எங்கள் பெட்டிகளுக்குப் பின்னால் வேறு யாருடைய சோபாவோ, மிதிவண்டிகளோ அடுக்கியிருந்தன. இடத்தைப் பங்கிட்டுக்கொண்டு வருவது மலிவு, அதில் தப்பில்லை. ஆனால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை இறக்கி ஏற்றும்போதும் ஏதோ ஒன்று உடைகிறது.

எல்லாம் இறங்கிய பிறகு, என்ன தோன்றியதோ, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு லாரிக்குள் ஏறினேன். நீளம் 17 அடி, அகலம் 6, உயரம் 7. பெருக்கினால் 714 கன அடி. முழு லாரியே 714தான். என் பாதி லாரிச் சாமானுக்கு 840 கன அடிக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள். ஓட்டுநரிடம் கணக்கைக் காட்டினேன். அவர் ஒரு நொடி யோசித்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வர இரண்டு வாரம் ஆயிற்று.

சேதத்தில் பெரியது அம்மாவின் தையல் இயந்திரம். மேசைக்கு அடியில் இருக்கும் வார்ப்பிரும்புக் கால் குறுக்கே பிளந்திருந்தது. வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, உடைந்துவிடும். உடைந்த முகம் சர்க்கரையை உடைத்தது போலச் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக மின்னியது. அம்மா விரலால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "படுக்க வைத்துவிட்டார்கள் போலிருக்கிறதப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

காப்பீடு என்று தனியாக ஒரு தொகை வாங்கியிருந்தார்கள். கேட்டபோது, அது காப்பீட்டு நிறுவனத்தின் பத்திரம் அல்ல, அவர்கள் ரசீதிலேயே 'இடர்க் கட்டணம்' என்று எழுதிய ஒரு வரி என்று தெரிந்தது. உண்மையான காப்பீடு என்றால் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரில், பத்திர எண்ணோடு, எந்தப் பொருளுக்கு என்ன மதிப்பு என்ற பட்டியலோடு வரும். வண்டி கிளம்பும் முன்பே கைக்கு வரும். நாமே கட்டிய பெட்டிக்குள் உடைந்ததற்குப் பெரும்பாலும் ஈடு தரமாட்டார்கள் என்பதையும் இப்போது தெரிந்துகொண்டேன்.

நீங்கள் மாறப் போகிறீர்கள் என்றால், வீட்டை நேரில் பார்க்காதவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். வண்டி யாருடையது, வழியில் மாற்றுவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் எல்லாவற்றுக்கும் 'ஆமாம் சார்' தான். காலிக் கட்டம் இருக்கும் தாளில் கையெழுத்திடாதீர்கள், ரயில் போனாலும் போகட்டும். ஏற்றும்போது வண்டி எண்ணைப் படம் எடுங்கள். குளிர்பதனப் பெட்டி எப்படிப் படுத்து வந்ததோ தெரியாது என்பதால், நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்தே மின்சாரம் கொடுங்கள். எங்களுடையது அப்படித்தான் பிழைத்தது.

41 பெட்டிகள் வந்தன, கணக்கு சரி. ஆனால் எங்கள் 23ஆம் எண் பெட்டி அதில் இல்லை. அதற்குப் பதிலாக, எண் ஒட்டாத ஒரு பெட்டி இருக்கிறது. மேலே மெழுகு வண்ணத்தில், கோணல் எழுத்தில், 'இது என்னுடையது' என்று ஏதோ ஒரு குழந்தை எழுதியிருக்கிறது. முகவரி இல்லை. தரகருக்கு ஏழு முறை தகவல் அனுப்பிவிட்டேன், பதில் இல்லை. பெட்டி கூடத்தில்தான் இருக்கிறது. மகள் அதை யாரையும் திறக்கவிடமாட்டேன் என்கிறாள்.