மின்ட்னு வாங்கினது யூஸ்டு, யூஸ்டுனு வாங்கினது மின்ட்: நான் ரெண்டு தடவை ஏமாந்த கதை

கவர்லேர்ந்து ஸ்டாம்பை தண்ணில ஊறவெச்சு உரிச்சு சேர்த்துட்டு இருந்தவங்க, இனிமே மின்ட்டுக்கு (தபால்ல போகாத, பின்னாடி பசை அப்படியே இருக்கற ஸ்டாம்ப்) மாறிடலாமான்னு யோசிச்சீங்கன்னா காசை வெளிய எடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. டீலர் பேரு போடல, தனியா மெசேஜ் பண்ணியும் கேக்காதீங்க, சண்டைக்கு எனக்கு தெம்பில்ல.

நான் பல வருஷமா யூஸ்டு தான், அதாவது முத்திரை குத்தி தபால்ல போனது. ஒருநாள் ஒருத்தரோட ஆல்பத்துல மின்ட் ஸ்டாம்பை வரிசையா பார்த்தேன், கலர் அப்படியே பளிச்சுன்னு, முகத்துல முத்திரைக் கறையே இல்லாம. வீட்டுக்கு வந்து என்னோடதைப் பார்த்தா எல்லாம் மசி அப்பின மாதிரி தெரிஞ்சுது. அந்த வேகத்துல ஆன்லைன்ல ஒரு டீலர்கிட்ட பழைய செட் ஒண்ணு பிடிச்சேன். சாட்ல அவர் சொன்னது "மின்ட் சார், ஹிஞ்சே படாதது". போட்டோ முன்பக்கம் மட்டும். பின்பக்கம் கேட்டதுக்கு "பசை ஃபுல்லா இருக்கு, கவலைப்படாதீங்க"ன்னாரு, நானும் கவலைப்படல!

புதுசா வர்றவங்களுக்கு: ஹிஞ்ச்ங்கறது ஸ்டாம்பை ஆல்பத்துல ஒட்டறதுக்கான மெல்லிசான சின்ன பேப்பர். அந்தக் காலத்துல எல்லாரும் அதைத்தான் ஒட்டினாங்க, அது பசைல தடம் விட்டுடும். இப்போ தடமே இல்லாத ஸ்டாம்புக்குத்தான் மவுசு. பழைய ஸ்டாம்ப்ல ஹிஞ்ச் பட்டதுக்கும் படாததுக்கும் விலை வித்தியாசம் பல மடங்கு போகும். அப்போ ஏமாத்தறவன் என்ன பண்ணுவான், பழைய பசையைக் கழுவிட்டு புதுசா பூசிடுவான், அவ்வளவுதான் வேலை.

செட்டு வந்துது. பின்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னுது. எனக்கு ஒரே சந்தோஷம். ரொம்ப நாளா சேர்க்கிற ஒரு பெரியவர்கிட்ட காட்டினேன், அவர் பசையைப் பார்க்கவே இல்ல, ட்வீசர்ல எடுத்து ஓரத்துப் பல்லை விரல் நுனில லேசா தடவினாரு. "குத்துது பாரு தம்பி"ன்னாரு. பொதுவா முழு ஷீட்டுக்கும் பசை பூசினப்புறம் தான் ஓட்டை போடுவாங்க, அதனால கிழிச்சு எடுக்கும்போது பல்லு நுனில பேப்பர் நார் பஞ்சு மாதிரி மெத்துன்னு நிக்கும். தனி ஸ்டாம்புக்கு அப்புறமா பசை பூசினா அது பல்லுக்குள்ளயும் இறங்கிக் காஞ்சு விறைச்சுக்கும். நல்ல லென்ஸ்ல பார்த்தா நுனில சின்னச் சின்ன பசைக் கட்டி கூட தெரியும்.

அதோட விட்டிருந்தா பரவால்ல. அவர் யூவி லைட்டு கீழ வெச்சாரு. மூணு ஸ்டாம்ப்ல குறுக்க மங்கலா ஒரு கோடு, பேனாவால கிறுக்கின கோடு. அதாவது எவனோ அதை ரசீதுலயோ பத்திரத்துலயோ ஒட்டி கையெழுத்து போட்டிருக்கான் (தபாலுக்கும் வரிக்கும் ஒரே ஸ்டாம்ப் செல்லும்னு இருந்த காலம்), அந்த இங்கை கெமிக்கல் வெச்சு எடுத்துட்டு, பின்னாடி பசை பூசி, மின்ட்னு என் தலைல கட்டியாச்சு. யூஸ்டு வேணாம்னு ஓடினவன் யூஸ்டையே மின்ட் விலைக்கு வாங்கியிருக்கேன்!

இந்த வேலை ஒண்ணும் புதுசில்ல. 1840ல உலகத்தோட முதல் ஸ்டாம்ப் பென்னி பிளாக் வந்தப்போ சிவப்பு இங்க்ல தான் முத்திரை குத்தினாங்க, கருப்பு ஸ்டாம்ப் மேல அது சரியா தெரியவும் இல்ல, அழிக்கவும் முடிஞ்சுது. மறுபடி ஒட்டி அனுப்பிடுவாங்கன்னு பயந்துதான் 1841ல ஸ்டாம்பை சிவப்பாக்கி முத்திரை இங்கை கருப்பாக்கினாங்க.

திருப்பித் தர்றேன்னு டீலருக்கு எழுதினேன். முதல்ல "உங்க கைல ஈரம் பட்டிருக்கும்"னாரு. யூவி போட்டோ அனுப்பினேன், அதுக்கு "பில்லைப் பாருங்க சார்"னு ஒரு வரி. பார்த்தா பில்லுல மின்ட்னே இல்ல, அன்யூஸ்டுன்னு இருக்கு. அந்த வார்த்தைக்கு பசை இருக்கணும்னு கூட கட்டாயமில்ல. சாட்ல ஒண்ணு பில்லுல ஒண்ணு. அதுக்கப்புறம் என்னை பிளாக் பண்ணிட்டாரு. அதனால சொல்றேன், "ஒரிஜினல் பசை, ஹிஞ்ச் படாதது"ங்கற வார்த்தையும் எத்தனை நாளைக்குள்ள திருப்பலாம்ங்கறதும் பில்லுலயே இருக்கணும், வாயால சொன்னது காத்தோட போச்சு.

சரி, பசை இருந்தாத்தானே பிரச்சனை, திரும்ப யூஸ்டுக்கே போயிடலாம்னு முடிவு பண்ணினேன். அங்க தான் ரெண்டாவது அடி. இந்தத் தடவை வேற டீலர், ஜெர்மனியோட 1923 பணவீக்க கால ஸ்டாம்ப். இதுல தலைகீழ் கணக்கு. விலைவாசி அவ்வளவு வேகமா ஏறினதால ஸ்டாம்ப் அச்சாகி வர்றதுக்குள்ள கட்டணம் மாறிடும், மிச்சமான மின்ட் குவியல் குவியலா நின்னு போச்சு, நிஜமா கடிதத்துல போனது கொஞ்சம் தான். அதனால நிறைய ஸ்டாம்புக்கு யூஸ்டு தான் விலை ஜாஸ்தி. எனக்கு அது மட்டும் தெரியும். மலிவான மின்ட் மேல பொய் முத்திரை குத்தி விக்கறாங்கங்கறது தெரியாது.

நான் வாங்கினது 10 மில்லியார்ட் மார்க் ஸ்டாம்ப், மில்லியார்டுன்னா நூறு கோடி. முத்திரை அழகா நடுவுல, தேதி தெளிவா ஆகஸ்ட் 1923. அதே பெரியவர் தான் சிரிச்சாரு. அந்த ஆகஸ்ட் 1ம் தேதி உள்நாட்டு கடிதத்துக்கு கட்டணம் 1000 மார்க், நவம்பர்ல தான் அது மில்லியார்டுக்குப் போச்சு. ஸ்டாம்ப் பொறக்கறதுக்கு முன்னாடியே முத்திரை வாங்கியிருக்கு! கேட்டலாக்ல வெளியீட்டு தேதியை ஒரு தடவை பார்த்திருந்தா போதும், ரெண்டு நிமிஷ வேலை, பண்ணல. இந்த டீலர் மட்டும் பாதிக் காசு திருப்பிக் கொடுத்தாரு, அதுவும் ஒரு மாசம் இழுத்து.

இன்னொரு வகையும் இருக்கு, முத்திரையும் இருக்கும் பின்னாடி பசையும் முழுசா இருக்கும். ஷீட்டா இருக்கும்போதே ஒவ்வொரு ஸ்டாம்போட மூலைலயும் முத்திரையை அச்சடிச்சு வியாபாரிக்குன்னே வித்தது, எந்தக் கடிதத்தையும் பார்க்காதது. 1960கள்ல அஜ்மான், ஃபுஜைரான்னு (இப்போ யூஏஇல இருக்கற சின்ன அரபு நாடுகள்) வந்த வண்ண வண்ண ஸ்டாம்புல நிறைய இந்த ரகம். மலிவா கிடைச்சா பிடிச்ச படத்துக்காக வாங்கிக்கோங்க, கடிதத்துல போன யூஸ்டுன்னு நினைச்சு காசு கொட்டாதீங்க.

இப்போ நான் என்ன பண்றேன்னா, புது வெளியீடு எல்லாம் மின்ட்லயே எடுத்துடறேன், அதுல பசை பூசி ஏமாத்த எவனுக்கும் லாபமில்ல. ஆனா ஈரத்துல ஒட்டிக்காம பார்த்துக்கணும், மின்ட்ல அது ஒரு ரோதனை. பழசுன்னா முடிஞ்ச வரைக்கும் யூஸ்டு, முத்திரைல ஊரும் தேதியும் படிக்கிற மாதிரி, இன்னும் நல்லதுன்னா கவரோட. யூஸ்டு விலை மின்ட்டைத் தாண்டுற ஸ்டாம்ப்னா நிபுணர் சர்டிஃபிகேட் இல்லாம தொடறதே இல்ல. வாங்கினதும் முதல் வேலையா பின்பக்கமும் பல்லும் தான் பார்க்கறேன், முன்னாடி அழகை அப்புறம் ரசிச்சுக்கலாம்.

அந்த மூணு ஸ்டாம்பையும் தூக்கிப் போட மனசு வரல. பூசின பசையைக் கழுவிட்டேன், பின்னாடி பென்சில்ல "இங்க் அழிச்சது"ன்னு சின்னதா எழுதி ஸ்டாக் புக்ல கடைசிப் பக்கத்துல வெச்சிருக்கேன். ஜெர்மன் ஸ்டாம்புக்கும் அதே பக்கம் தான், "பொய் முத்திரை". எனக்கப்புறம் அது யார் கைக்குப் போனாலும் திருப்பிப் பார்த்தா தெரியட்டும்.