காப்பி பட்டன்: நாலு வருடம் அழுத்திப் பார்த்த பிறகு

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் கேட்டாள். "ஏனுங்கக்கா, ஒவ்வொரு பெட்ஷீட்டுக்கும் எல்லாத்தையும் மறுபடி மறுபடி டைப் பண்ணுவீங்களா? பழைய லிஸ்டிங்கையே காப்பி போட்டுக்கலாம்னு சொல்றாங்களே?" அவள் ஆன்லைனில் துண்டு விற்கப் போகிறாள். ஜி.எஸ்.டி. நம்பர் இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. வாசலில் நின்றபடி சொல்லி முடிகிற பதில் இல்லை, அதனால் எழுதுகிறேன். தளத்தின் பெயர் வேண்டாம். லிஸ்டிங் என்பது ஒரு சரக்குக்காகத் தளத்தில் போடும் விற்பனைப் பக்கம். பழையதைக் காப்பி எடுத்துப் புதியது போடும் இந்த வசதி பெரிய தளங்கள் பலவற்றிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது.

எங்களுடையது சென்னிமலைப் பக்கம். விற்பது கைத்தறி பெட்ஷீட், துண்டு, பவானியிலிருந்து எடுத்து வரும் ஜமக்காளம். மில் சரக்கு விற்பவருக்கு ஒரு லிஸ்டிங் போட்டால் வருடக்கணக்கில் ஓடும். எங்களுக்கு அப்படி இல்லை. ஒரு பாவு, அதாவது நீளவாக்கு நூல், தறியில் ஏறினால் அதில் இத்தனை பெட்ஷீட் என்று கணக்கு. பாவு தீர்ந்தால் அந்தக் கரையும் அந்தக் கட்டமும் தீர்ந்தது. அடுத்த பாவில் மெரூன் இருந்த இடத்தில் பச்சை வரும். 90-க்கு 100 அங்குலம் மாறாது, நூல் மாறாது, இரண்டு தலையணை உறை மாறாது. மாறுவது படமும் நிறமும் மட்டும்தான். அதற்காக லிஸ்டிங்கில் முப்பது நாற்பது கட்டங்களை மறுபடி நிரப்ப வேண்டும்: எம்.ஆர்.பி., எச்.எஸ்.என். (வரிக்கான சரக்குக் குறியீடு), தயாரிப்பாளர் முகவரி, துவைக்கும் முறை, பேக்கிங் அளவு. 2020-இல் வந்த மின்வணிக விதிகளுக்குப் பிறகு எந்த நாட்டில் தயாரானது என்பதும் கட்டாயம். முதல் வருடம் ஒரு லிஸ்டிங் போட எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். காப்பி பட்டன் கண்ணில் பட்ட பிறகு ஏழெட்டு நிமிடம். பையன் டியூஷன் முடிந்து வருவதற்குள் நாலு நிறம் ஏற்றிவிடலாம். அந்த முதல் வாரம் எனக்கு இருந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. பாவை அப்படியே விட்டு ஊடையை, குறுக்கு நூலை, மட்டும் மாற்றி நெய்கிற மாதிரிதான் இது. எங்கள் வீட்டுத் தொழிலுக்காகவே யாரோ செய்து கொடுத்தது போல இருந்தது.

இதை முதலில் சொல்லக் காரணம், இனி சொல்லப் போவது எல்லாம் கோபம்.

காப்பி போட்டால் எல்லாக் கட்டமும் நிரம்பித்தான் வரும். எது பழையதிலிருந்து வந்தது, எது நான் இப்போது அடித்தது என்று பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே கறுப்பு எழுத்து. நிறம், விலை, எச்.எஸ்.என். எல்லாம் முதல் பக்கத்தில் இருப்பதால் கண் அங்கே போய்விடும். பேக்கிங் எடையும் நீள அகல உயரமும் மூன்றாவது பக்கத்தில், மடித்து வைத்த ஒரு பெட்டிக்குள் இருக்கும். அம்புக்குறியைத் தட்டினால்தான் விரியும். தட்டாமல் விட்டாலும் லிஸ்டிங் ஏறிவிடும், ஏனென்றால் கட்டம் காலியாக இல்லை.

ஒரு தடவை மூன்று துண்டு சேர்ந்த செட்டுக்கு, துவைக்கும் முறை ஒன்றாக இருக்கிறதே என்று ஜமக்காளத்தின் லிஸ்டிங்கைக் காப்பி எடுத்தேன். மூன்றாவது பக்கத்தைத் திறக்கவில்லை. ஜமக்காளத்தின் பேக்கிங் 40-க்கு 30-க்கு 10 சென்டிமீட்டர். கூரியர்காரர்கள் தராசு எடையை மட்டும் பார்ப்பதில்லை. மூன்று அளவையும் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் கன அளவு எடையையும் பார்ப்பார்கள். இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் கட்டணம். 40, 30, 10-ஐப் பெருக்கினால் 12,000. வகுத்தால் 2.4 கிலோ. என் துண்டு செட் பேக் செய்த பிறகும் 600 கிராம்தான். 22 ஆர்டர் போன பிறகு பணப்பட்டியலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒவ்வொன்றும் 2.4 கிலோவாகப் போயிருக்கிறது. துண்டில் கிடைத்த லாபம் முழுக்கப் போய், கையிலிருந்தும் போட்டிருக்கிறேன். கேட்டதற்கு, "நீங்கள் கொடுத்த அளவுதான்" என்று பதில் வந்தது. அவர்கள் சொன்னதில் தப்பில்லை, பட்டியலில் இருந்தது என் அளவுதான். ஆனாலும், பழைய சரக்கின் எடையைப் புதிய சரக்கின் தலையில் கட்டும்போது "இதைச் சரிபார்த்தீர்களா" என்று ஒரு வரி கேட்கக்கூடாதா? காப்பியாக வந்த கட்டத்துக்கு லேசாக மஞ்சள் அடித்துக் காட்டினால் போதும். நாலு வருடமாக ஒவ்வொரு கருத்துக் கணிப்பிலும் இதை எழுதுகிறேன். பட்டனின் நிறம்தான் இரண்டு முறை மாறியிருக்கிறது.

இதைவிடப் பெரிய அடி 2025 தீபாவளிக்கு. அதுவரை ஆயிரம் ரூபாய்க்கு மேல் போன பெட்ஷீட்டுக்கு 12 சதவீத வரி. செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம் என்று மாறியது. ஓடிக்கொண்டிருந்த லிஸ்டிங்குகளில் தளமே வரியை மாற்றிவிட்டது, அதற்கு நன்றி. ஆனால் ஆடியில் நான் காப்பி எடுத்து, ஏற்றாமல் சேமித்து வைத்திருந்த டிராஃப்டுகளைத் தளம் தொடவில்லை. அக்டோபர் முதல் வாரம், பண்டிகைக்கு முன்னால் ஏற்றிவிட வேண்டும் என்ற அவசரத்தில் அதில் ஒன்றைத் திறந்து, படத்தை மாற்றி, ஏற்றினேன். விலை 1,499. பில் 12 சதவீதத்தில் போனது. வரி சேர்ந்த விலையில் 12 சதவீதம் என்றால் 160 ரூபாய் சொச்சம், 5 சதவீதம் என்றால் 71 ரூபாய் சொச்சம். ஒரு செட்டுக்கு 89 ரூபாய் என் பங்கிலிருந்து கழிந்தது. பதினாலு செட் போயிருந்தது. பில்லில் வரி என்று போட்டு வாங்கிவிட்டால் அதை அரசுக்குக் கட்டித்தான் ஆக வேண்டும் என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். கிட்டத்தட்ட 1,250 ரூபாய். தொகை சின்னதுதான். அதைத் தறியில் கூலியாக எடுக்க எத்தனை நாள் உட்கார வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மாமனார் புதுப் பாவு பிணைப்பதைப் பார்த்திருக்கிறேன். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் திரிப்பார். விரலில் சாம்பல் தொட்டுக்கொள்வார். நடுவில் யார் கூப்பிட்டாலும் நிமிர மாட்டார். ஓர் இழை இடம் மாறிச் சேர்ந்தால் அந்தத் தப்பு முதல் பெட்ஷீட்டிலிருந்து கடைசி பெட்ஷீட் வரை கோடாக ஓடும். டிராஃப்டில் நின்றுபோன அந்த 12-ம் அப்படித்தான் ஓடியது.

பழைய லிஸ்டிங்கைக் காப்பி எடுக்காமல் அதையே திருத்தி வேறு சரக்கை வைப்பது இன்னொரு பழக்கம். அதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல ரேட்டிங் இருக்கும் லிஸ்டிங்கை ஏன் வீணாக்க வேண்டும் என்பார்கள். ஒரு முறை செய்தேன். அதே நூல், அதே அளவு, கரை மட்டும் மெரூனிலிருந்து நீலம், இதில் என்ன என்று நினைத்தேன். பழைய வாடிக்கையாளர்கள் ரிவ்யூவில் போட்ட மெரூன் படங்கள் கீழே அப்படியே இருந்தன. ஓர் அம்மா அதைப் பார்த்து வாங்கி, நீலம் வந்ததும் திருப்பி அனுப்பினார். "படத்தை நம்பி மகள் சீருக்கு வாங்கினேன்" என்று எழுதியிருந்தார். அன்றோடு விட்டேன். வேறு துணியென்றால் வேறு லிஸ்டிங். அதே துணி மறுபடி வரும் என்றால் நீக்காமல் ஸ்டாக்கைப் பூஜ்யமாக்கி வைத்தால் போதும், ரிவ்யூ அதோடு இருக்கும்.

இப்போது தளத்தின் டிராஃப்டை நம்புவதில்லை. என் எக்ஸெல் ஷீட்டில் மாறாததை மட்டும் சேமிக்கிறேன்: நூல் விவரம், துவைக்கும் முறை, முகவரி. எடை, அளவு, வரி, விலை நான்கையும் வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறேன். காலியாக இருந்தால் தளம் ஏற்ற விடாது, நான் அளந்துதான் ஆக வேண்டும். இதில் லிஸ்டிங்குக்குப் பதினைந்து நிமிடம் ஆகிறது. ஏழெட்டு நிமிடத்தில் முடிந்த காலம் போய்விட்டது.

காப்பி பட்டனுக்கு ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், மேலே அத்தனை புகழ்ந்த பிறகும் இன்றைக்கு இரண்டுதான் கொடுப்பேன். அந்தத் தீபாவளிக்கு முன்னால் கேட்டிருந்தால் நாலு கொடுத்திருப்பேனோ என்னவோ. ஆனால் புதிதாக வருகிறவருக்கு முதல் பத்து லிஸ்டிங்குக்கு இது வேண்டவே வேண்டாம்.

எதிர்வீட்டுப் பெண்ணை சனிக்கிழமை வரச் சொன்னேன். பேக் செய்த துண்டோடு வந்தாள். தராசில் வைக்கச் சொன்னேன். ஒரு துண்டு, கவரோடு 210 கிராம். டேப் வைத்து மூன்று பக்கமும் அளந்து, மூன்றாவது பக்கத்தைத் திறந்து அவளே அடித்தாள்.