ஹாரோ பரோவில் வாக்களித்தேன்: சாவடிக்கு முழு மதிப்பெண், வாக்குச்சீட்டுக்கு இல்லை

லண்டனின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் ஹாரோ பரோவின் (பரோ என்பது லண்டனின் உள்ளாட்சிப் பிரிவு) மன்றத் தேர்தலில் 2022 மே 5 அன்று வாக்களித்தேன். தபால் நிலையத்தையும் நூலகத்தையும் சேவை என்ற முறையில் மதிப்பிடுகிறோம். தேர்தலை மட்டும் யாரும் அப்படி மதிப்பிடுவதில்லை. மன்றத் தேர்தலின் செலவு நாம் கட்டும் கவுன்சில் வரியையும் உள்ளடக்கிய மன்ற நிதியிலிருந்துதான் போகிறது. ஆகவே வாடிக்கையாளனாக நின்று பார்த்ததை எழுதுகிறேன்.

புதிதாக வரும் நம்மவர்களில் பலர் அறியாத ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்த நாட்டில் வாக்களிக்கப் பிரிட்டிஷ் குடியுரிமை கட்டாயமில்லை. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை காமன்வெல்த் நாடுகள் என்பதால், அவற்றின் குடிமக்கள் 18 வயது நிரம்பி, முறையான அனுமதியோடு இங்கு வசித்தால், மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருந்தாலும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். இணையத்தில் தேசியக் காப்பீட்டு எண்ணைக் கொடுத்துச் சில நிமிடங்களில் முடித்துவிடலாம். கடன் வழங்கும் நிறுவனங்கள் முகவரியைச் சரிபார்க்க இந்தப் பட்டியலைப் பார்ப்பதால், அரசியலில் நாட்டமே இல்லாதவர்கள்கூடக் கடன் மதிப்பெண்ணுக்காகப் பதிவு செய்கிறார்கள். பதிவின்போது திறந்த பட்டியலில் பெயர் வேண்டாம் என்பதைத் தேர்வு செய்ய மறக்காதீர்கள். அந்தப் பட்டியலை யாரும் விலை கொடுத்து வாங்கலாம்.

தேர்தல் நாளில் சாவடி காலை 7 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. தேர்தல் வியாழக்கிழமையில் வருகிறது, ஆனால் விடுமுறை கிடையாது; வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ வாக்களிக்க வேண்டியதுதான். பத்து மணிக்கு வரிசையில் நிற்பவருக்குச் சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும் என்று இப்போது சட்டம் இருக்கிறது; 2010 பொதுத் தேர்தலில் சில இடங்களில் வரிசையில் நின்றவர்கள் திருப்பி அனுப்பப்பட்டதற்குப் பிறகு வந்த திருத்தம் அது. நான் மாலை ஆறரைக்குப் போனேன். எனக்கு முன்னால் இரண்டே பேர். வாசலில் கட்சித் தன்னார்வலர்கள் நம் வாக்காளர் எண்ணைக் கேட்பார்கள். தங்கள் ஆதரவாளர்களில் யார் இன்னும் வரவில்லை என்று கணக்குப் பார்க்கத்தான் கேட்கிறார்கள். சொல்ல வேண்டிய கடமை நமக்கு இல்லை.

உள்ளே பெயரையும் முகவரியையும் சொன்னேன். அலுவலர் அடிக்கோலை வைத்துப் பட்டியலில் ஒரு கோடு போட்டுச் சீட்டை நீட்டினார். அவ்வளவுதான். விரலில் மை இல்லை, இயந்திரம் இல்லை, சீருடைக் காவல் இல்லை. மரப்பலகைத் தடுப்புக்குள் நூலில் கட்டிய ஒரு பென்சில் இருந்தது. மதுரையில் துப்பாக்கி ஏந்திய காவலரைக் கடந்து போய் வாக்களித்துப் பழகிய எனக்கு, இது தேர்தலா அல்லது நூலகத்தில் புத்தகம் எடுப்பதா என்ற ஐயம் வந்தது. மூன்று நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பெரிய எழுத்தில் மாதிரிச் சீட்டும், சீட்டின் மேல் பொருத்திக்கொள்ளும் தொட்டுணர் கருவியும் வைத்திருந்தார்கள். பணிவிலும் வேகத்திலும் இந்தச் சேவையைக் குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. தேதியைப் பொறுத்தவரை பொறாமையே வந்தது. லண்டன் பரோக்களில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மே மாதம் முதல் வியாழக்கிழமை தேர்தல் என்பது எழுதிவைத்தது போல நடக்கிறது. தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலோ 2011க்குப் பிறகு 2022 பிப்ரவரியில்தான் நடந்தது.

என் மனத்தாங்கல் எல்லாம் கையில் கொடுக்கப்பட்ட சீட்டின் மீதுதான். ஹாரோவில் 22 வார்டுகள், 55 உறுப்பினர்கள். பாதி வார்டுகளுக்கு மூவர், பாதிக்கு இருவர். என் வார்டு மூவர் வார்டு என்பதால் எனக்கு மூன்று வாக்குகள். மூன்று பெருக்கல் குறிகள் வரை போடலாம். ஒன்றோடு நிறுத்திக்கொண்டாலும் செல்லும், நான்கு போட்டால் சீட்டே செல்லாது. முக்கியக் கட்சிகள் ஒவ்வொன்றும் மூவரை நிறுத்தினால் பட்டியல் எவ்வளவு நீளும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்தப் பெயர்கள் கட்சிவாரியாக அடுக்கப்படவில்லை, குடும்பப் பெயரின் ஆங்கில அகரவரிசையில் இருந்தன. ஒரே கட்சியின் மூவர் மேலே ஒருவரும் நடுவில் ஒருவரும் அடியில் ஒருவருமாகச் சிதறிக் கிடந்தார்கள். மேலிருந்து படித்து வருபவர் தன் கட்சியின் சின்னத்தைக் கண்டதும் குறி போட்டுவிட்டு, மூன்று வாக்கு உண்டு என்பதை மறந்து சீட்டை மடித்துவிடுகிறார். ஒரே கட்சி வேட்பாளர்களுக்குள் ஏ, பி என்று தொடங்கும் பெயர்க்காரர்கள் சற்றே அதிக வாக்குப் பெறுவது இங்கு நெடுங்காலமாகக் கவனிக்கப்பட்ட போக்கு. நெருக்கமான போட்டியில் அந்தச் சற்றே அதிகம்தான் வெற்றியைத் தீர்மானிக்கும். தந்தை பெயரைக் குடும்பப் பெயராகக் கொடுக்கும் தமிழர்களில் சுப்பிரமணியங்களும் வேலாயுதங்களும் எங்கே போய் நிற்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. என் தந்தை பெயரும் ‘வி’யில் தொடங்குவதுதான், நல்ல வேளையாக எனக்கு வேட்பாளராகும் ஆசை இல்லை.

அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் மனிதர்கள் யார் என்பதையும் இந்தச் சேவை சொல்வதில்லை. லண்டன் மேயர் தேர்தலுக்கு வேட்பாளர் அறிக்கைகளோடு அதிகாரபூர்வக் கையேடு வீடு தேடி வருகிறது. மன்றத் தேர்தலுக்கு அப்படி எதுவும் இல்லை. பெயரும் கட்சியும் கொண்ட அறிவிப்பு மட்டும்தான். மீதியை அறியக் கதவிடுக்கு வழியாக விழும் துண்டறிக்கைகளைத்தான் நம்ப வேண்டும். அவற்றில் குப்பை வண்டியையும் சாலைப் பள்ளத்தையும் நூலகத்தையும் பற்றி இரண்டு வரி இருக்கும். ‘இங்கே எங்களால்தான் வெல்ல முடியும்’ என்று காட்டும் பட்டை வரைபடம் பாதிப் பக்கத்துக்கு இருக்கும்.

முடிவைப் பார்த்தால் சீட்டின் இன்னொரு குணம் தெரியும். ஹாரோவில் 2018இல் (அப்போது மன்றத்தில் 63 இடங்கள்) தொழிற்கட்சி 35, கன்சர்வேட்டிவ் 28 என்றிருந்தது, 2022இல் கன்சர்வேட்டிவ் 31, தொழிற்கட்சி 24 என்று மாறியது. அதே தேர்தலில்தான் வெஸ்ட்மின்ஸ்டர், வாண்ட்ஸ்வொர்த், பார்னெட் ஆகிய பரோக்களைத் தொழிற்கட்சி கைப்பற்றியது. ஹாரோவோ எதிர்த்திசையில் போனது. இரு அணிகளும் மன்றத்தில் வலுவாக அமர்ந்ததால் இங்கே குறை வெளியே தெரியவில்லை. கிழக்கே நம்மவர்கள் நிறைய வாழும் ஈஸ்ட்ஹாம் அடங்கிய நியூஹாமில், 2018இல் 60 இடங்களும் ஒரே கட்சிக்குப் போயின. வாக்குகள் அனைத்தும் அந்தக் கட்சிக்கு விழுந்துவிடவில்லை. ஒரு வார்டில் முந்தும் கட்சியே பெரும்பாலும் மூன்று இடங்களையும் அள்ளிக்கொள்வதன் விளைவு அது. எதிர்க்கட்சியே இல்லாத மன்றத்தில் வரவுசெலவுத் திட்டத்தை யார் கேள்வி கேட்பது? ஸ்காட்லாந்தில் 2007 முதல் மன்றத் தேர்தலில் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் விகிதாசார முறை இருக்கிறது. இங்கிலாந்தின் வாக்காளருக்கு அது ஏன் புரியாது என்று கருதுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

தபால் வாக்கைப் பற்றி நான் அவ்வளவு நல்லதாகச் சொல்ல மாட்டேன். முன்பு வசித்த வேறொரு பரோவில் எனக்கு வர வேண்டிய உறை தேர்தலுக்கு இரண்டு நாள் முன்புதான் வந்தது. நேரில் கொண்டுபோய்ச் சாவடியில் கொடுத்தேன். உறைக்குள் உறை என்று வரும் அந்தத் தொகுப்பில் கையெழுத்தும் பிறந்த தேதியும் கேட்பார்கள். பிறந்த தேதிக்கான கட்டத்தில் அன்றைய தேதியை எழுதிவிட்டால் வாக்கு எண்ணிக்கைக்கே போகாது. என் மனைவி எழுதப் போனார், தடுத்துவிட்டேன்.

நான் அனுபவித்த அந்த எளிமை இப்போது சற்றுக் குறைந்துவிட்டது. 2022இல் வந்த தேர்தல் சட்டத்தால், 2023 மே முதல் இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தல்களில் படம் போட்ட அடையாள அட்டை கட்டாயமானது. லண்டன் பரோக்களின் முழுத் தேர்தலுக்கு அது முதன்முறையாகப் பொருந்துவது 2026 மே 7 அன்று. 2023இல் சாவடி வரை வந்து, அடையாளம் இல்லாமல் வாக்களிக்க முடியாமல் போனவர்கள் சுமார் 14,000 பேர் என்று தேர்தல் ஆணையம் கணக்கிட்டது. அறுபது வயதைக் கடந்தவரின் ஓய்ஸ்டர் அட்டை (லண்டன் பயண அட்டை) செல்லும், மாணவரின் ஓய்ஸ்டர் அட்டை செல்லாது என்ற பாகுபாட்டுக்கு இதுவரை எனக்கு நிறைவான விளக்கம் கிடைக்கவில்லை. எந்த அட்டையும் இல்லாதவருக்கு இலவச வாக்காளர் சான்றிதழ் தருகிறார்கள். தேர்தலுக்கு ஆறு வேலை நாள் முன்பு மாலை 5 மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

இந்தியக் கடவுச்சீட்டும் இலங்கைக் கடவுச்சீட்டும் ஏற்கப்படும். காலாவதியானதாக இருந்தாலும் படம் நம்மைப் போலிருந்தால் போதும். ஆனால் அட்டையில் உள்ள பெயரும் பட்டியலில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். ஓரிடத்தில் தலைப்பெழுத்தாகவும் மற்றோரிடத்தில் தந்தையின் முழுப்பெயராகவும், சில வேளை முன்பின் மாறியும் எழுதப்படும் நம் பெயர்களுக்கு இதில்தான் சிக்கல். வாக்காளர் அறிவிப்பு அட்டையில் பட்டியலில் உள்ளபடியே பெயர் அச்சாகி வரும் என்பதால், அது வந்த அன்றே கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.