புதிய சுவிட்ச், பழைய கை: தேர்ட் ஸ்ட்ரைக் ஆட்டத்தோடு 11 ஆண்டுகள்

சென்ற வாரம், வீடியோ கேம் ஆடப் பயன்படுத்தும் என் ஸ்டிக்கை (லீவரும் பொத்தான்களும் கொண்ட பெட்டியை) பிரித்து, லீவருக்கு அடியில் இருக்கும் நான்கு மைக்ரோ சுவிட்சுகளில் ஒன்றை மாற்றினேன். அதே வாரத்தில் நண்பர் ஒருவர், 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக்' என்ற சண்டை வீடியோ கேமை இப்போது கற்கத் தொடங்குவது தகுமா என்று கேட்டிருந்தார். சுவிட்ச் பழுதாகாமல் இருந்திருந்தால் அவருக்கு வேறு பதில் சொல்லியிருப்பேன் என்று தோன்றுகிறது. 1999இல் வந்த இந்த ஆட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள், எந்தப் பொத்தான் எதற்கு என்பதையெல்லாம் அவர் அறிவார். நான் 11 ஆண்டுகளாக இதில் கட்டுண்டு கிடப்பதற்கும், இதன்மேல் எரிச்சல் தீராமல் இருப்பதற்கும் காரணம் ஒன்றே. அது பேரி.

சண்டை விளையாட்டில் தற்காப்பு என்றால் லீவரைப் பின்னால் இழுத்துப் பிடிப்பது என்று, 1991இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' நம் கைகளைப் பழக்கிவிட்டது. தேர்ட் ஸ்ட்ரைக்கிலும் அப்படித் தடுக்கலாம். ஆனால் அடி வந்து விழும் நேரத்தில் பின்னால் இழுக்காமல் முன்னால் ஒருமுறை தட்டினால், அந்த அடி ஒன்றும் செய்யாமல் போய்விடும். இதுதான் பேரி. தடுத்து நின்றாலும் சிறப்பு அடிகளால் கொஞ்சங்கொஞ்சமாகக் கரையும் ஹெல்த், அதாவது பாத்திரத்தின் உயிர்ப்பலம், பேரி செய்தால் கரைவதில்லை. அதோடு எதிராளி தன் அசைவிலிருந்து மீளும் முன்பே நாம் திருப்பி அடிக்கத் தயாராகிவிடுகிறோம். தாழ்வாக வரும் அடி என்றால் கீழே தட்ட வேண்டும். தரையில் இதற்குக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ 10 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்); நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் ஆட்டத்தில் அது ஒரு நொடியின் ஆறில் ஒரு பங்கு. தவறினால் அடி முழுதாக விழும், ஏனென்றால் அந்தக் கணத்தில் நாம் தடுத்துக்கொண்டிருக்கவில்லை. பதற்றத்தில் படபடவென்று தட்டித் தப்பவும் வழியில்லை; ஒரு தட்டு வீணானால், அடுத்த தட்டை ஆட்டம் சற்று நேரத்துக்குப் பொருட்படுத்தாது.

இப்போது சுவிட்சுக்கு வருகிறேன். மூன்று மாதங்களாக என் முன்தட்டுகளில் சில எங்கோ காணாமல் போய்க்கொண்டிருந்தன. லீவரை முன்னால் தள்ளி அழுத்திப் பிடித்தால் பாத்திரம் ஒழுங்காக நடந்தது. விரைவாகத் தட்டி விட்டால் மட்டும் சில முறை ஒன்றும் நடக்கவில்லை. பயிற்சி முறையில் நாம் கொடுக்கும் அசைவுகளைத் திரையில் ஓட விட்டுப் பார்த்தபோது ஐயம் உறுதியானது. பெரும்பாலும் நான் இடப்பக்கம் நின்று வலப்பக்கம் நோக்கி ஆடுபவன் என்பதால் வலப்புறத்து சுவிட்சைத்தான் முதலில் சோதித்தேன், அதில் ஒரு குறையும் இல்லை. லீவரின் தலையை வலப்புறம் தள்ளினால் அதன் அடிமுனை இடப்புறம் சாய்கிறது என்ற எளிய உண்மை அரை மணி நேரம் கழித்தே உறைத்தது. தேய்ந்திருந்தது இடப்புறத்து சுவிட்ச். மற்ற மூன்றும் இன்னும் புதியவை போலச் சொடுக்கிட்டன. சாலிடரை உருக்கி எடுத்துப் புதியதைப் பொருத்த அதிக நேரம் ஆகவில்லை. ஸ்டிக்கைச் செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எந்த ஆட்டத்திலும் யாரும் இத்தனை ஆயிரம் முறை முன்னால் தட்டிக்கொண்டே இருப்பார்கள் என்று அவர்கள் எண்ணியிருக்க முடியாது.

பழுது நீங்கிய அன்றிரவு அமர்ந்து ஆடினேன். தட்டியவை ஒன்று விடாமல் பதிவாயின. தோல்விகள் மட்டும் முன்போலவே வந்தன. அந்த மூன்று மாதங்களில் சுவிட்சின்மேல் ஏற்றி வைத்திருந்த பழியை இனி இறக்கி வைக்க வேறு இடம் கிடையாது. அசைவுகளைத் திரும்ப ஓட்டிப் பார்த்தபோது, அடிக்கு முன்பே தட்டியிருக்கிறேன், அல்லது கீழே தட்ட வேண்டியதற்கு முன்னால் தட்டியிருக்கிறேன். பழுதான சுவிட்ச் எனக்கு எவ்வளவு துணையாக இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், கைகூடும்போது இதற்கு ஈடான மகிழ்ச்சியை வேறு எந்த ஆட்டமும் எனக்குத் தந்ததில்லை. பேரி விழும்போது திரை ஒரு கணம் உறைந்து ஓர் ஒலி எழும். அதைக் கேட்ட கையால் வெறும் தடுப்பைக் கொண்டு நிறைவடைய முடிவதில்லை. தொலைவில் நின்று தீப்பந்தங்களை எறிந்தே ஆட்டத்தை ஓட்டிய பழைய தந்திரம் இங்கே செல்லாது, ஒவ்வொன்றையும் தட்டிக்கொண்டே நடந்து வந்துவிடுவார்கள். நான் ஆடும் டட்லி ஒரு குத்துச்சண்டைக் கனவான். எதிராளியைச் சீண்டுவதற்காக அவர் எறியும் ரோஜாப்பூ உண்மையிலேயே மேலே பட்டு வலிக்கும், அதையும் பேரி செய்யலாம். ஒருமுறை என் ரோஜாவை எதிராளி வெகு இயல்பாகப் பேரி செய்துவிட்டு அப்படியே நின்றார். நானும் அடிக்கவில்லை. இருவரும் இரண்டு நொடி சும்மா நின்றுவிட்டுத்தான் தொடர்ந்தோம்.

இந்த மோகம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதில் மறைக்க ஒன்றுமில்லை. பலரையும் போல, சண்டை விளையாட்டுகளுக்கான ஈவோ போட்டியில் 2004இல் நடந்த ஓர் ஆட்டத்தின் காணொளிதான். டைகோ உமெஹாரா என்ற ஆட்டக்காரர் ஆடும் பாத்திரமான கென்னுக்கு ஹெல்த் மயிரிழை அளவே மிஞ்சியிருக்கிறது, தடுத்தால்கூட உயிர் போய்விடும். எதிரே ஜஸ்டின் வாங் ஆடும் சுன்-லி தன் சூப்பரை, அதாவது தன் மிகப் பெரிய சிறப்பு அடியை, தொடுக்கிறார். 15 உதைகள். உமெஹாரா ஒவ்வொன்றையும் பேரி செய்து, கடைசி உதையை அந்தரத்தில் எதிர்கொண்டு, இறங்கி வந்து திருப்பியடித்து அந்தச் சுற்றை வெல்கிறார். பார்ப்பவர்கள் விரல்வேகத்தை வியக்கிறார்கள். எனக்கு வியப்பு முதல் உதையில்தான். அந்த சூப்பரைத் தொடுக்கும்போது திரை ஒளிர்கிறது. ஒளிர்ந்ததைப் பார்த்த பிறகு தட்டினால் காலம் கடந்துவிடும். எதிராளி அதைத் தொடுப்பார் என்று முன்பே கணித்து, அவர் தொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஏற்று, வெறும் வெளியில் தட்டியிருக்க வேண்டும். அது இறுதிப் போட்டி அல்ல என்பதையும், அன்றைய இறுதியில் உமெஹாரா தோற்றுப்போனார் என்பதையும் அந்தக் காணொளியைப் பகிர்வோர் சொல்வதில்லை. எனக்கு அந்தத் தோல்வி எப்படியோ ஆறுதலாக இருக்கிறது.

இனி சுன்-லி. இதை எழுதும் இரவில் அவரிடம் வரிசையாக ஏழு ஆட்டங்கள் தோற்றிருக்கிறேன், ஆகவே என் சொல்லில் சூடு இருந்தால் வாசிப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். குனிந்தபடி ஒரு நடுத்தர உதை. அது பட்டால் அதிலிருந்தே அந்த சூப்பர். அவ்வளவுதான் அவருடைய ஆட்டம். உதையைக் கீழே தட்டி வெல்லலாமே என்பார்கள். கீழே தட்டக் காத்திருப்பவனிடம் நடந்து வந்து த்ரோ போடுவார், அதாவது பிடித்துத் தூக்கி எறிவார், த்ரோவை எந்தத் திசையில் தட்டியும் பேரி செய்ய முடியாது. சுன்-லி, யுன், கென் என்ற மூவரும் மற்றவர்களுக்கு மேலே நிற்பது இந்த ஆட்டத்தை ஆடும் அனைவரும் அறிந்தது. கால் நூற்றாண்டைக் கடந்தும் அது அப்படியே இருக்கிறது, இனி ஒரு திருத்தம் வந்து அதை மாற்றப் போவதுமில்லை. பேரி என்ற ஒன்று எல்லோருக்கும் சமமாகக் கொடுக்கப்பட்டிருப்பதால் இந்த ஏற்றத்தாழ்வு தாங்கக்கூடியதாக இருக்கிறது என்று அமைதியான நாள்களில் நானே பிறரிடம் வாதாடியிருக்கிறேன். இன்று அந்த வாதத்தை என்னிடம் யாரும் எடுத்து வர வேண்டாம்.

இணைய வழி ஆட்டத்தைப் பற்றிக் குறை சொல்ல ஏதும் இல்லை. ரோல்பேக் முறையில், எதிராளியின் அசைவு வந்து சேரும் வரை கணினி அதை ஊகித்து ஓட்டிக்கொண்டு, ஊகம் பிழையானால் பின்னோக்கிச் சென்று திருத்திக்கொள்கிறது. நம் தட்டு நம் திரையில் பதிவாகும் நேரம் மட்டும் மாறுவதில்லை, பேரிக்கு வேண்டியதும் அதுதான். ஒவ்வோர் அசைவையும் கையால் வரைந்திருக்கும் அழகைப் பற்றியும் இசையைப் பற்றியும் மற்றவர்கள் போதுமான அளவு எழுதியிருக்கிறார்கள், எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வேண்டாம். 2023இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' ஆடுங்கள். அங்கே பாத்திரங்களின் பலம் அவ்வப்போது திருத்தப்படுகிறது, கற்றுத்தரும் வசதிகளும் நிறைய. அதிலும் பேரி இருக்கிறது. இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால் போதும், உயரமா தாழ்வா என்று கூட எண்ண வேண்டியதில்லை. அதைச் செய்து பார்த்த முதல் நாளே எனக்குச் சப்பென்று போய்விட்டது என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். இவ்வளவு சொல்லியும் கேளாமல் தேர்ட் ஸ்ட்ரைக்கில்தான் இறங்குவேன் என்றால், ஸ்டிக் வாங்கும்போதே உதிரியாக ஒரு மைக்ரோ சுவிட்சையும் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். முதலில் போவது இடப்புறத்தது.