சட்டத்தரணி கந்தோர் வேலை எண்டு 45,000 ரூபாயைக் குடுத்து ஏமாந்த கதை

நேற்றுப் பின்னேரம்தான் கடைசியாப் போய் அந்தப் பயிற்சி நிலையத்தின்ர படிக்கட்டுக்குக் கீழ நிண்டு பாத்தனான். பேர்ப் பலகையையும் கழட்டிப்போட்டாங்கள். ஆத்திரம் ஆறமுதல் எழுதினால்தான் உண்டு. அனுபவம் இல்லாமல் சட்டத்தரணியிட்ட முதல் வேலை எடுக்கிறது எப்பிடி எண்டும் கடைசியில விளக்கமா எழுதுறன். முதல் நடந்ததைக் கேளுங்கோ.

ஏஎல் கலைப்பிரிவு முடிச்சு ரெண்டு வருசம் வீட்டில. எந்தக் கந்தோருக்குப் போனாலும் "முன் அனுபவம் இருக்கோ பிள்ளை?" எண்ட ஒரே கேள்விதான். ஒருத்தரும் எடுக்காட்டி அனுபவம் எங்கயிருந்து வாறது? அந்த நேரம் பாத்து ஃபேஸ்புக்கில ஒரு விளம்பரம்: "சட்டத்தரணி அலுவலக எழுதுவினைஞர் பயிற்சி, அனுபவம் தேவையில்லை, வேலை உறுதி". இடம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம், ஒரு கடைக்கு மேல்மாடி. பேர் போடேல்லை, போட்டால் எனக்குத்தான் கேஸ் வரும்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனன். நாங்கள் போனதும் அங்க இருந்த ஆள் எழும்பி நிண்டு, "அம்மா, இதில இருங்கோ" எண்டு கதிரையை ஃபானுக்கு நேர இழுத்துப் போட்டார். அவற்ற கதிரைக்குப் பின்னால ஆணியில ஒரு கறுப்புக் கோட்டு, லோண்ட்ரி பொலித்தீன் கூடக் கழட்டாமல் தொங்கினது. நான் சட்டத்தரணி எண்டுதான் நினைச்சன். அவர் அப்பிடிச் சொல்லவேயில்லை, கோட்டுத்தான் சொன்னது. பிறகு ஃபோனை ஸ்பீக்கரில போட்டு ஆரோ ஒரு "சேரோட" கதைச்சார். "ஓம் ஓம், ஆளை அனுப்பிவிடுங்கோ, எங்களுக்கு உடன தேவை" எண்டு அங்கால குரல். அம்மா என்னைப் பாத்தா. நான் தலையாட்டினன். அந்த ஒரு தலையாட்டு.

பதிவுக்கு 5,000, வகுப்புக்கு 25,000, வேலை எடுத்துத் தாறதுக்கு 15,000. மொத்தம் 45,000. அம்மா சீட்டில தள்ளி எடுத்த காசு அது.

வகுப்பு ஆறு சனிக்கிழமை. தந்தது ஃபோட்டோக்கொப்பி மட்டும். ஒல்லாந்தர் காலத்தில, 1707இல, யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையைத் தொகுத்தது எண்டு ஒரு தாள். சட்டத்தரணிமாரில அப்புக்காத்து எண்டா ஆர், பிரக்கிராசி எண்டா ஆர் எண்டு ரெண்டு வகையைப் பற்றி இன்னொரு தாள், அதை நான் பாடமாக்கினன். கடைசிக் கிழமை பொன்நிற ஸ்டிக்கர் ஒட்டின சான்றிதழ். "திங்கட்கிழமை போங்கோ, சொல்லி வச்சிருக்கிறம்" எண்டு ஒரு கந்தோர் விலாசமும் தந்தவை.

திங்கள் போனன். அங்க இருந்த வயசான கிளாக் ஐயாவுக்கு அப்பிடி ஒரு நிலையத்தைத் தெரியவே தெரியாது. சான்றிதழை வாங்கிக் கண்ணாடியை மேல தூக்கிப் பாத்திட்டு, "சட்டத்தரனி எண்டு போட்டிருக்குப் பிள்ளை" எண்டார். டண்ணகரம் (ண) இல்லை, றன்னகரம் (ன). ஆறு கிழமை அந்தச் சொல்லைத்தான் படிச்சனான், நானும் கவனிக்கேல்லை. அப்புக்காத்து, பிரக்கிராசித் தாளைக் காட்ட, "உது 1974இல முடிஞ்ச கதையெல்லோ, இப்ப எல்லாரும் சட்டத்தரணிதான்" எண்டார். பிறகு ஒரு பழைய காணி உறுதியை நீட்டி எல்லையை வாசிக்கச் சொன்னார். எனக்குக் காணி விபரம் எழுதுற அட்டவணை எங்க துவங்குது எண்டே தெரியேல்லை. "பத்து லட்சத்துக்கு உறுதி முடிச்சா முத்திரைத் தீர்வை எவ்வளவு?" முழுசினன். அவரே சொன்னார்: முதல் லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், 39,000. நான் உவங்களுக்குக் குடுத்தது அதை விடக் கூட. 45,000!

பிறகு துவங்கினது அலைச்சல். "சேர் கொழும்புக்குப் போட்டார்." "புதுக்கடைக் கோட்டில கேஸாம், வாற கிழமை வாங்கோ." அடுத்த கிழமை, "நீங்கள் இன்டர்வியூவில வடிவாக் கதைக்கேல்லையாம், நாங்கள் என்ன செய்யிறது தங்கச்சி?" எந்த இன்டர்வியூ? காசைத் திருப்பிக் கேட்டன். பற்றுச்சீட்டின்ர பின்பக்கத்தைப் பாக்கச் சொன்னார். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில "எக்காரணம் கொண்டும் மீளளிக்கப்படமாட்டாது". சட்டம் படிப்பிக்க வந்தவை எனக்கு ஒழுங்காப் படிப்பிச்சது அந்த ஒரு வரிதான். வட்சப்பில நீல டிக் விழும், பதில் வராது. இப்ப அதுவும் இல்லை, புளொக்.

கேட்டுப் பாத்தன், இந்தத் தொகைக்கு நேரடியா வழக்குப் போடேலாதாம், முதல் ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டுச் சமரசம் பேசுற மத்தியஸ்த சபைக்குப் போகவேணுமாம். போகப்போறன். விலாசமே இல்லாத ஆளை அங்க எப்பிடிக் கூப்பிடுறது எண்டுதான் தெரியேல்லை.

விளக்கமா எழுதுறன் எண்டனான், இப்ப எழுத மனம் ஓடேல்லை. கெதியாச் சொல்லுறன். வேலை தாறம் எண்டு முதலே காசு கேட்டால் எழும்பி வாங்கோ. பயிற்சி நிலையம் எண்டால் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில பதிவோ எண்டு பாருங்கோ, நான் பாக்கேல்லை. பற்றுச்சீட்டைத் திருப்பிப் பாத்திட்டுக் காசைக் குடுங்கோ. கந்தோர் பேர் சொன்னால் அங்கயே நேர போய்க் கேளுங்கோ, ஸ்பீக்கர் ஃபோனை நம்பாதேங்கோ. யாழ்ப்பாணமோ மல்லாகமோ பருத்தித்துறையோ, நீதிமன்றத்தைச் சுத்தித்தான் கந்தோர்கள். காலமை போகாதேங்கோ, எல்லாரும் வழக்கில நிப்பினம். மத்தியானத்துக்குப் பிறகு போங்கோ. அந்த ஐயா சொன்னது, தமிழும் இங்கிலிசும் பிழையில்லாமல் டைப் பண்ணி, பழைய உறுதி எழுத்தை வாசிச்சாலே போதுமாம், மிச்சத்தைக் கந்தோரில பழகலாமாம். அதுக்கு ஒருத்தரும் 45,000 கேக்கிறேல்லையாம்.

அம்மா கூப்பிடுறா. சீட்டுக் காசுக்கு அக்கா வந்து படலையில நிக்கிறா. இன்னும் ஒன்பது மாசம் கட்டவேணும்.