தச்சரின் காற்றாலையா, ராட்சதக் காற்றாலையா?

1970களில் எண்ணெய் விலை எகிறியபோது, காற்றிலிருந்து மின்சாரம் எடுக்க இரண்டு வழிகள் போட்டியிட்டன. பணமும் ஆய்வுக்கூடங்களும் நிறைந்திருந்த பக்கம்தான் தோற்றது.

அமெரிக்காவும் மேற்கு ஜெர்மனியும் எடுத்த எடுப்பிலேயே ராட்சத இயந்திரங்களில் இறங்கின. நாசா மேற்பார்வையில் உருவான 2 மெகாவாட் 'மாட்-1', 1979இல் வட கரோலினாவின் பூன் ஊரருகே சுழலத் தொடங்கியது. அதன் அடித்தொண்டை உறுமல் அக்கம்பக்கத்து வீடுகளைப் படுத்தி எடுத்தது. ஜெர்மனியின் 'குரோவியான்' 3 மெகாவாட். சுழலியின் விட்டம் மட்டுமே 100 மீட்டர். 1983 முதல் 1987 வரை அது ஓடியது சுமார் 420 மணி நேரம்தான். பிறகு பிரித்துப் போட்டுவிட்டார்கள்.

டென்மார்க்கில் கதை ஒரு கொல்லைப்புறத்தில் தொடங்குகிறது. கிறிஸ்டியன் ரீசாகர் ஒரு தச்சர். யோஹன்னஸ் யூல் என்ற பொறியாளர் 1957இல் கெட்சரில் நிறுத்திய 200 கிலோவாட் மூவிறக்கைக் காற்றாலையை முன்மாதிரியாக வைத்து, 22 கிலோவாட் இயந்திரம் ஒன்றைச் செய்தார். ஜெனரேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் சாதாரண மின்மோட்டார். கியருக்கும் பிரேக்குக்கும் கார் பாகங்கள். அவர் வழியில் சிறு பட்டறைகள் கிளம்பின. உடைந்ததைத் திருத்தி, கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டினார்கள்.

கைவேலை அறிவியலை வென்றுவிட்டது என்று இதைப் படிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1978இல் டென்மார்க் அரசின் ரிசோ ஆய்வு மையத்தில் காற்றாலைச் சோதனை நிலையம் வந்தது. அடுத்த ஆண்டு காற்றாலை வாங்க அரசின் 30 சதவீத மானியம் வந்தபோது, அங்கே தேறிய இயந்திரத்தை வாங்கியவருக்கே அது கிடைத்தது. பட்டறைக்காரர் தவறு செய்யலாம், வாங்கிய விவசாயி ஏமாறக் கூடாது. அங்கே அரசின் பணம் ராட்சத இயந்திரத்தைக் கட்டப் போனது; இங்கே சோதனைக்கும் வாங்குபவருக்கும் போனது. இரு வழிகளும் உண்மையில் பிரிவது இதில்தான்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது உடைமை. டென்மார்க்கில் அக்கம்பக்கத்தார் கூட்டுறவாகச் சேர்ந்து பங்கு வாங்கினார்கள். 2000இல் கோபன்ஹேகன் கடலோரம் எழுந்த மிடில்குருண்டனில் 20 சுழலிகள், 40 மெகாவாட்; அதில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட கூட்டுறவுக்குச் சொந்தம். இயந்திரங்கள் பெருத்து முதலீடு கோடிகளானபோது டென்மார்க்கிலும் கூட்டுறவுகள் ஒதுங்கத் தொடங்கின. புதிய காற்றாலைகளில் 20 சதவீதப் பங்கையாவது உள்ளூர்வாசிகளுக்கு விற்க முன்வர வேண்டும் என்று 2009இல் சட்டமே தேவைப்பட்டது.

டேனிஷ் உதவி தமிழ்நாட்டின் கயத்தாறுக்கும் முப்பந்தலுக்கும்கூட வந்தது. இயந்திரம் வந்தது, கூட்டுறவு வரவில்லை. இயந்திரத்தின் தேய்மானத்தைக் கணக்கில் காட்டி வரியைக் குறைக்கும் சலுகையை நம்பி நூற்பாலைகளும் நிறுவனங்களும் முதலிட்டன. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் சுழலும் இறக்கைகளுக்குக் கீழே வாழை வைத்திருப்பவருக்கு அந்தச் சுழலியில் ஒரு பங்கு வாங்க வழியிருந்திருந்தால், வருமானத்தில் கொஞ்சம் அந்த ஊரிலேயே தங்கியிருக்கும்.